ரேடியோ நெல்லு விளைஞ்ச ஊரு

எங்க ஊர்ப் பக்கம் ஒரு நெல்லுக்கு ரேடியோ நெல்லுன்னு பேரு. ஆடுதுறை 27. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துல 1960கள்ல கொண்டுவந்த ரகம், 105 நாள் பக்கம் அறுப்புக்கு வந்துடும், குறுவைக்குன்னே செஞ்ச மாதிரி. திருச்சி வானொலிக்காரங்க அதைப் பத்தி விடாம சொன்னாங்க, எப்ப நாத்து விடணும், எவ்வளவு உரம் போடணும், எப்ப தண்ணி வடிக்கணும்னு. பஞ்சாயத்து ரேடியோ முன்னாடி துண்டை விரிச்சு உக்காந்து கேட்டவங்க போய் வயல்ல அப்படியே செஞ்சாங்க, விளைஞ்சுது. கம்பெனிக்காரன் பேரோ கவர்மென்ட் வச்ச பேரோ எதுவும் நிக்கல, ரேடியோ சொல்லி வந்த நெல்லு ரேடியோ நெல்லுன்னு ஆயிடுச்சு.

எமர்ஜென்சியைப் பத்தி எழுதணும்னு உக்காந்துட்டு நெல்லுல ஆரம்பிக்கிறேன்னு நினைக்காதீங்க. எங்க ஊர் ஜனங்க ஏன் அந்தக் குரலை அப்படி நம்பினாங்கன்னு கேட்டா எனக்கு இதைத் தவிர வேற பதில் தெரியல. வயித்துக்குச் சோறு போட்ட குரல் அது. அது பொய் சொல்லும்னு ஒருத்தருக்கும் தோணல. அதே குரல் 1975 ஜூன் 26 காலையில பிரதமர் இந்திரா காந்தி பேசினதைச் சொல்லிச்சு, ஜனாதிபதி நெருக்கடி நிலையை அறிவிச்சிருக்கார், யாரும் பயப்படத் தேவையில்லன்னு. அப்ப எனக்கு ஒம்போது வயசு. மாயவரத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர். அப்பா மத்திய சர்க்கார் ஆபீஸ்ல கிளார்க். எங்க வீட்டு ரேடியோ ஒரு மர்பி, மேல அம்மா பின்னின வெள்ளை லேஸ் துணி போட்டிருக்கும், வருஷா வருஷம் போஸ்டாபீஸ்ல லைசென்ஸ் கட்டி அந்தப் புஸ்தகத்தை அப்பா பீரோவுல பத்திரமா வைப்பார்.

எங்க தெருமுனையில ஒரு தையல்கடை. அந்த மாமாவோட பேர் இங்க வேண்டாம், தையல்கடை மாமான்னே இருக்கட்டும். கழகத்துல கிளைச் செயலாளர், கடைக்குள்ள அண்ணா படம், பெரியார் படம், மேல ஸ்டாண்டுல ஒரு டிரான்சிஸ்டர். எங்க கடலோரப் பக்கத்துல சிலோன் ரேடியோ கணீர்னு எடுக்கும், திருச்சியை விடத் தெளிவா எடுக்கிற நாளெல்லாம் உண்டு. ஸ்கூல் விட்டதும் பொம்மைக்கு வெட்டுத்துணி பொறுக்கிட்டு அங்கயே தரையில உக்காந்து பாட்டு கேப்பேன். மாமா மிஷினை மிதிச்சுக்கிட்டே கூடப் பாடுவார். காலையில முரசொலி வந்ததும் சத்தமா படிப்பார், எழுதப் படிக்கத் தெரியாதவங்க நாலு பேர் திண்ணையில உக்காந்து கேப்பாங்க. எங்க அப்பா கட்சி கிட்சின்னு எதுலயும் இல்ல, ஆனா ஆபீஸ் போற வழியில அஞ்சு நிமிஷம் சைக்கிளை சாய்ச்சு வச்சுட்டு கேட்டுட்டுத்தான் போவார்.

ஜூன் 26க்கு அப்புறம் அப்பா சைக்கிளை அங்க நிறுத்துறதை நிறுத்திட்டார்.

இதை நான் அப்ப கவனிச்சேனான்னா கவனிச்சேன். ஏன்னு கேட்டேன். "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி"ன்னார். வேலை ஜாஸ்தின்றது ரேடியோவும் சொன்ன வார்த்தைதான், பேச்சைக் குறைக்கணும் உழைப்பைக் கூட்டணும்னு எல்லா இடத்துலயும் அதேதான், பஸ் ஸ்டாண்டு சுவத்துல, ரயில்வே ஸ்டேஷன்ல, சினிமா கொட்டாய்ல. அதனால அப்பா நல்ல பிள்ளையா பிரதமர் சொன்னதைக் கேக்குறார்னு எனக்குப் பெருமையா கூட இருந்துச்சு. இதை எழுதறப்போ கை நிக்குது, ஆனா அதுதான் நடந்தது.

தமிழ்நாட்டுல 1976 ஜனவரி வரைக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் இருந்துச்சுன்றது பெரியவங்களுக்குத் தெரியும். எமர்ஜென்சி வந்த ரெண்டு நாள்லயே, ஜூன் 27 அன்னிக்கு, திமுக செயற்குழு கூடி அதைக் கண்டிச்சு தீர்மானம் போட்டுச்சு. ஆளுங்கட்சியே எதிர்த்து நின்ன மாநிலம்றதால வடக்குல தேடப்பட்டவங்க இங்க வந்து தங்கினாங்க. ஆனா ரேடியோ டெல்லியோடது. ஏழேகால் செய்தியில சரோஜ் நாராயண்சுவாமி குரல் வந்தா வீடே அமைதியாயிடும். அந்தக் குரல் மேல எனக்கு இன்னிக்கும் ஒரு குறையும் கிடையாது, எழுதிக் கொடுத்ததை வாசிச்சாங்க, என்ன அழகா வாசிச்சாங்க. எங்க வீட்டுல நான் தமிழ் உச்சரிப்பு கத்துக்கிட்டதே அங்கதான், கண்ணாடி முன்னாடி நின்னு ஆகாசவாணின்னு சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன்.

அந்தச் செய்தியில என்ன இருந்துச்சுன்னு யோசிச்சா, பெரிய பொய் எதுவும் எனக்கு ஞாபகம் வரல. 20 அம்சத் திட்டம் இருந்துச்சு, அது ஜூலை 1 அறிவிச்சது. கொத்தடிமை ஒழிப்பு, நிலமில்லாதவங்களுக்கு மனை, கிராமத்துக் கடன், மாணவர்களுக்குக் குறைஞ்ச விலையில நோட்டுப் புஸ்தகம், கைத்தறி. ஒவ்வொண்ணும் நல்ல விஷயம்தானே, யார் வேண்டாம்னு சொல்லுவா. ரயில் நேரத்துக்கு ஓடுது, பதுக்கல்காரங்க பிடிபட்டாங்க, உற்பத்தி கூடுது. இல்லாமப் போனது மனுஷங்க. இந்திரா காந்தியை எதிர்த்துப் போராட்டம் நடத்தின தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணன்னு ஒரு பேர் அதுக்கு முன்னாடி ஏழேகால் செய்தியில வந்துட்டே இருக்கும், நீளமான பேர்ன்றதால எனக்கு அதைச் சொல்லிப் பாக்கப் பிடிக்கும். அந்தப் பேர் ஒருநாள் நின்னுபோச்சு. அவர் எங்கன்னு கேக்கணும்னு ஒம்போது வயசுப் பிள்ளைக்குத் தோணல, ஊருக்கும் தோணல.

அந்த வருஷம் அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்னிக்கு காமராஜர் இறந்துட்டார். எங்க ஊரே அழுதுச்சு, கட்சி வித்தியாசமில்லாம. பஞ்சாயத்து ரேடியோ முன்னாடி கூட்டம் கூட்டமா நின்னோம். அவரைப் பத்தி எவ்வளவோ நல்லது சொன்னாங்க, சுதந்திரப் போராட்டத்துல ஜெயில்ல இருந்த வருஷங்களைச் சொன்னாங்க, பிரதமர் மெட்ராஸ் வந்து அஞ்சலி செலுத்தினதைச் சொன்னாங்க. கடைசி மூணு மாசம் அந்த மனுஷன் இந்த எமர்ஜென்சியை எதிர்த்து மனசு வெந்து கிடந்தார்ன்றது மட்டும் அதுல எங்கயும் இல்ல. தையல்கடை மாமா கடையைச் சாத்திட்டு வாசல்ல உக்காந்திருந்தார். அவரோட கட்சியை எதிர்த்து நின்ன தலைவர் காமராஜர், ஆனா அன்னிக்கு மாமா அழுத மாதிரி நான் ஒரு ஆம்பிளை அழுது பார்த்ததில்ல. "சொல்லாம விடுறான் பாரு, சொல்லாம விடுறான் பாரு"ன்னு ரேடியோவைப் பாத்து சொல்லிட்டே இருந்தார். எனக்கு அது புரியல. நல்லாத்தானே சொல்றாங்கன்னு நினைச்சேன்.

பத்திரிகைக்கு சென்சார் இருந்துச்சுன்றது அப்ப எனக்குத் தெரிஞ்ச அளவுல, துக்ளக் அட்டை முழுக் கறுப்பா வந்ததுன்னு பெரியவங்க குசுகுசுன்னு பேசினது மட்டும்தான். பிற்பாடு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், ஜூன் 25 ராத்திரியே டெல்லியில பத்திரிகை ஆபீஸ்கள் இருக்கிற தெருவுக்குக் கரண்டை நிறுத்திட்டாங்கன்னும், இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தைக் காலியா விட்டு அச்சடிச்சுதுன்னும், அப்புறம் அந்த மாதிரி காலி இடம் விடறதும் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சுன்னும். காலி இடமா விட்டா ஏதோ எடுத்திருக்காங்கன்னு வாசகனுக்குத் தெரிஞ்சுடும்ல. காந்தி, தாகூர், நேரு எழுதினதை எடுத்துப் போடறதுக்குக் கூட தடை. 1976 பிப்ரவரியில பிடிஐ, யுஎன்ஐ, இந்தியில இருந்த ரெண்டு ஏஜென்சின்னு பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்த நாலு ஏஜென்சியையும் சேர்த்து சமாச்சார்னு ஒண்ணே ஒண்ணாக்கினாங்க, அதுக்கப்புறம் நாடு முழுக்க செய்தி ஒரே குழாய்லதான். மெட்ராஸ் டிவி ஆரம்பிச்சதும் இதே நேரம், 1975 ஆகஸ்ட் 15. எங்க சித்தப்பா அங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னப்போ ரேடியோவுல வர்ற குரலுக்கு முகம் இருக்குன்னு நாங்க வாயைப் பிளந்து கேட்டோம்.

எங்களுக்கு முகம் காட்டினது டூரிங் கொட்டாய்தான். படத்துக்கு முன்னாடி கட்டாயம் நியூஸ் ரீல் போடணும், ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்தது. கறுப்பு வெள்ளையில அந்த ஒரு நரைக் கீத்து முடி, தலைக்கு மேல முந்தானை, வேகமா நடக்குற நடை. குழந்தைங்க கை தட்டுவோம். அணைக்கட்டு, டிராக்டர், ஃபேக்டரி சங்கு, அப்புறம் சிவப்பு முக்கோணம், நாம் இருவர் நமக்கு இருவர். எங்களுக்கு முக்கோணம்னா ரெண்டு குழந்தையும் அப்பா அம்மாவும் சிரிக்கிற படம், அவ்வளவுதான். அந்த ஒரு வருஷத்துல, 1976–77ல, நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல கருத்தடை ஆபரேஷன் பண்ணாங்க, வடக்குல கிராமத்தைச் சுத்தி வளைச்சு ஆம்பிளைங்களைப் பிடிச்சுட்டுப் போயி பண்ணாங்க, இதெல்லாம் எமர்ஜென்சி அத்துமீறலை விசாரிச்ச ஷா கமிஷன் அறிக்கையில இருக்கு. நான் மணல்ல உக்காந்து கை தட்டின அதே சிரிச்ச குடும்பப் படம் அந்த ஊர்க் கொட்டாய்லயும் ஓடியிருக்கும். அங்க இருந்த என் வயசுப் பிள்ளைங்க எதைப் பாத்திருப்பாங்கன்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருக்கேன்.

1976 ஜனவரி 31, சனிக்கிழமை. கருணாநிதி ஆட்சியைக் கலைச்சாச்சுன்னு சாயங்காலம் ரேடியோ சொல்லிச்சு. ஊரடங்கு மாதிரி தெரு காலியாச்சு. அடுத்த நாள் விடியறதுக்கு முன்னாடி தையல்கடை மாமாவை வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. திங்கக்கிழமை நான் ஸ்கூல் போறப்போ கடை சாத்தியிருந்துச்சு. கேட்டதுக்கு அம்மா சொன்னாங்க, "மாமா ஊருக்குப் போயிருக்கார். யார் கேட்டாலும் அப்படியே சொல்லு." எந்த ஊருக்குன்னு கேட்டேன். அம்மா பதில் சொல்லாம எனக்குத் தலை பின்ன ஆரம்பிச்சாங்க, இறுக்கி, வலிக்கிற மாதிரி.

நாலு நாள் போயிருக்கும். ராத்திரி ஒம்போது மணிக்கு மேல தையல்கடை அத்தை பின்வாசல் வழியா வந்தாங்க. ஏதோ ரவிக்கைத் துணி கொடுக்க வர்ற மாதிரி ஒரு துணிச் சுருட்டு. பிரிச்சா உள்ளுக்குள்ள முரசொலி. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள் இதழ். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. கடையில தினமும் சத்தமா படிச்சுக் காட்டின மனுஷன்தான் இல்லையே. "அண்ணே, இதுல அவுக பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு அப்பாகிட்ட நீட்டினாங்க.

அப்பா வாங்கல. கை வரல அவருக்கு. அம்மாதான் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினாங்க, அப்புறம் ரேடியோவைப் போட்டு சத்தத்தைக் கூட்டி வச்சாங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கக்கூடாதுன்னு. ஏதோ கச்சேரி ஓடிட்டு இருந்துச்சு, மிருதங்கம். அந்தச் சத்தத்துக்கு அடியில அப்பா குனிஞ்சு படிச்சார்.

கைது பண்ணவங்க பேரைப் போட சென்சார் விடாது. அதனால முரசொலியில என்ன பண்ணியிருந்தாங்கன்னா, அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவங்கன்னு சொல்லி ஒரு பட்டியல் போட்டிருந்தாங்க. ஜில்லா ஜில்லாவா பேர். அவ்வளவுதான். எங்க இருக்காங்க, ஏன் வர முடியல, ஒண்ணும் கிடையாது. சென்சார் பண்றவர் பாத்தா அஞ்சலிச் செய்தி. எங்க அத்தை மாதிரி ஒவ்வொரு ஊர்லயும் யாரோ ஒருத்தி அந்தப் பேரை ராத்திரியில தேடினா. தஞ்சை ஜில்லான்ற இடத்துல அப்பாவோட விரல் மேலயிருந்து கீழ போச்சு, திரும்ப மேல வந்துச்சு, மறுபடி கீழ போச்சு. அவர் பேர் அதுல இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது, அப்பா அத்தையைப் பாத்து ஒரு தடவை தலையை அசைச்சார், அது ஆமாவா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. பிற்பாடு நானும் கேக்கல. அத்தை பேப்பரைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பா ரேடியோவை அணைக்கப் போனார், அம்மா இன்னும் கொஞ்சம் ஓடட்டும்னாங்க. திடீர்னு நின்னா சந்தேகம் வரும்னு.

மனுஷங்க பேசறதை மறைக்கறதுக்கும் ரேடியோ உதவும்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.

இவ்வளவு பாத்தும் நான் மாறினேனா? இல்ல. இதை எல்லாம் நேரா சொல்லணும்னுதான் எழுதறேன். குழந்தைக்கு ரெண்டு உலகத்தையும் தனித்தனியா வச்சுக்கத் தெரியும், பின்வாசல்ல பாத்தது ஒரு பெட்டி, ஸ்கூல்ல சொல்றது ஒரு பெட்டி. அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு ஸ்கூல்ல கட்டுரைப் போட்டி, 20 அம்சத் திட்டம்தான் தலைப்பு. எனக்கு இருபதும் மனப்பாடம், ரேடியோவுல கேட்டே வந்துடுச்சு. முதல் பரிசு. ஒரு சான்றிதழ், ஒரு இங்க் பேனா. கொடியேத்தினப்புறம் மேடையில நின்னு என் கட்டுரையை நானே படிச்சேன், கண்ணாடி முன்னாடி பழகின அந்த ஆகாசவாணிக் குரல்லயே. நாட்டில் அமைதி நிலவுகிறது, மக்கள் அச்சமின்றி வாழ்கிறார்கள்னு ஒரு வரி. அது நான் யோசிச்சு எழுதின வரியில்ல, காதுல கிடந்த வரி. வரிசையில நாலாவது ஆளா தையல்கடை மாமாவோட பையன் நின்னுட்டு இருந்தான், என்னை விட ரெண்டு வகுப்பு மேல. எல்லாரும் கை தட்டினாங்க. அவனும் தட்டினான். தட்டலன்னா யாராவது பாப்பாங்கன்னு அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கணும்.

எங்க சொந்தத்துல இப்பவும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு பெரியவர் சொல்லுவார், எமர்ஜென்சியில எல்லாம் ஒழுங்கா நடந்துச்சும்மா, ரயில் நேரத்துக்கு வந்துச்சு, ஆபீஸ்ல எல்லாரும் பத்து மணிக்கு உக்காந்திருந்தாங்க, அந்த மாதிரி ஒருத்தர் வரணும்னு. எனக்கு உடம்பெல்லாம் பதறும். அவர் பொய் சொல்லல, அவர் கேட்டதைச் சொல்றார். அவர் கேட்டது ஏழேகால் செய்தி. 1977 மார்ச் தேர்தல்ல உத்தரப் பிரதேசத்துல 85 தொகுதியில ஒண்ணு கூட காங்கிரசுக்கு வரல, ரேபரேலியில பிரதமரே தோத்தார், பீகார்ல ஒண்ணும் இல்ல. தமிழ்நாட்டுல 39ல் 34 காங்கிரஸ், அதிமுக, கம்யூனிஸ்ட் கூட்டணிக்குப் போச்சு. அதுக்குக் கட்சிக் காரணம், எம்ஜிஆர், திமுக ஆட்சி மேல வந்த ஊழல் புகாரை விசாரிச்ச சர்க்காரியா கமிஷன், எல்லாம் இருக்கு, மறுக்கல. ஆனா வடக்குல இருந்தவன் எமர்ஜென்சியை உடம்புல வாங்கினான், நாம அதைக் காதுல வாங்கினோம், ரெண்டுக்கும் நடுவுல இருந்தது அந்தப் பெட்டி. 1 லட்சத்து 10 ஆயிரம் பேர் உள்ள இருந்தாங்கன்னு ஷா கமிஷன் கணக்கு. சென்னை மத்திய சிறையில மிசா கைதிகளை, அதாவது விசாரணையில்லாம உள்ள வைக்கிற சட்டத்துல பிடிச்சவங்களை, அடிச்சதை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரிச்சுச்சு, முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில செத்தே போனார். மெட்ராஸ்ல நடந்தது மாயவரத்துக்கு வர்றதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சிலோன்ல யார் என்ன பாட்டு கேட்டாங்கன்னு எங்களுக்கு அன்னன்னிக்கே தெரியும்.

தேர்தல் நடத்தப் போறோம்னு ஜனவரி 18 அறிவிச்சாங்க, கொஞ்சம் கொஞ்சமா வெளிய விட்டாங்க. மாமா பிப்ரவரியில வந்தார். பாதி ஆளா. தாடி வெள்ளையா இருந்துச்சு, போறப்போ கறுப்பு. கடையைத் திறந்து, மிஷினுக்கு எண்ணெய் போட்டு, ஒரு நாள் முழுக்க சும்மா துடைச்சுட்டே இருந்தார். நான் போனேன். வெறும் கையோட போகக்கூடாதுன்னு அந்தச் சான்றிதழை எடுத்துட்டுப் போனேன். என்னோட பெரிய சொத்து அதுதான், அவர் இல்லாத வருஷத்துல எனக்கு நடந்த நல்லது அதுதான், அவருக்குக் காட்டணும்னு எனக்கு ஆசை. பத்து வயசு.

மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுசா படிச்சார். தலைப்பைப் படிச்சார், என் பேரைப் படிச்சார், தேதியைப் படிச்சார். மடிக்காம திருப்பிக் கொடுத்தார்.

"இருபதும் தெரியுமா பாப்பா?"

தெரியும் மாமான்னேன்.

"சொல்லு பாப்போம்."

சொன்னேன். ஒண்ணுலருந்து இருபது வரைக்கும், மூச்சு விடாம, ஏழேகால் குரல்ல. அவர் ஊசியைக் கீழ வச்சுட்டு, தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, வலது காதை என் பக்கம் திருப்பி, கடைசி வரைக்கும் கேட்டார். முன்னெல்லாம் அவர் அப்படித் தலையைச் சாய்ச்சுக் கேட்டு நான் பார்த்ததில்ல. டிரான்சிஸ்டர் எப்பவும் இருக்கிற இடது பக்க ஸ்டாண்டுல இல்ல. வலது பக்கம் மாத்தி வச்சிருந்தாங்க, அத்தை.